மூட்டையாக வாங்கினால் மிச்சமாகுமா? மொத்தக் கடை அட்டை எடுக்கப் போகிறவர்களுக்கு

டெக்சாஸில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகன் போனில் பேச ஆரம்பித்தால் பத்தாவது நிமிடம் காஸ்ட்கோ என்ற மொத்தக் கடைப் பேச்சுக்கு வந்துவிடுவான். வருடம் 65 டாலர் கட்டி அட்டை வைத்திருக்கிறான். அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே எல்லாமே ஆள் உயரப் பொட்டலம். "இந்த மாதிரி நம்ம ஊர்ல இல்லீங்ளாக்கா?" என்று கேட்டான்.

இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. அமெரிக்காவில் இந்த முறை 1976-இல் சான் டியாகோவில் பிரைஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கியது. அப்போது அங்கேயும் சிறு வியாபாரிகளுக்கு மட்டும்தான் அட்டை. வீட்டுக்காரர்கள் பின்னால்தான் வந்தார்கள். 1993-இல் அது காஸ்ட்கோவோடு இணைந்தது. நம் நாட்டில் வெளிநாட்டு நிறுவனம் நேராக மளிகை சில்லறை விற்கக் கட்டுப்பாடு உண்டு, மொத்த வியாபாரத்துக்கு முழு அனுமதி. அதனால் 2003-இல் பெங்களூரில் கடை திறந்த ஜெர்மன் நிறுவனமான மெட்ரோ, வியாபாரிகளுக்கு மட்டும் அட்டை கொடுத்தது. 2023-இல் அதன் இந்தியக் கடைகளை ரிலையன்ஸ் வாங்கிவிட்டது. இந்த வகை மொத்தக் கடைகளில் அட்டைக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. பணத்துக்குப் பதிலாகக் கேட்பது வியாபாரச் சான்று.

நான் ஐந்து வருடமாக இப்படி ஒரு அட்டையோடு வீட்டுச் சாமான் வாங்குகிறேன். லாபமும் உண்டு, மூக்கறுபட்டதும் உண்டு. புதிதாக இறங்குகிறவர்களுக்கு இரண்டையும் சொல்கிறேன்.

கடைக்குப் போகும் முன் கதவில் ஒரு தாள்

முதல் வேலை அட்டைக்கு எழுதிப் போடுவதல்ல. சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டுங்கள். எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் அன்றைய தேதி, தீர்ந்ததும் அந்தத் தேதி. இரண்டு மாதம் எழுதினால் போதும். சலிப்பான வேலைதான். ஆனால் இது இல்லாமல் மொத்தக் கடைக்குள் போகிறவர்கள், பசியோடு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி எல்லாவற்றையும் இலையில் வாங்கிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் நாலு பேர். அரிசிம்பருப்பு வாரம் இரண்டு தடவையாவது பொங்குவதால் துவரம்பருப்பு மாதம் நாலு கிலோ போகிறது என்று தாள் சொன்னது. கடலை எண்ணெய் மூன்று லிட்டர். துணி சோப்புத் தூள் மூன்று கிலோ. இதெல்லாம் நான் நினைத்திருந்ததற்குப் பக்கத்தில்தான் வந்தது. சீரகம்தான் மானத்தை வாங்கியது. மாதம் நூறு கிராம்கூடத் தீரவில்லை, நானோ "விலை குறைவு" என்று கிலோ பாக்கெட்டாக வாங்கி அடுக்கியிருந்தேன். பத்து மாதம் கழித்துத் தாளித்தால் அதில் வாசமே இல்லை.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: வாயில் போடுவது மூன்று மாதத்துக்குள் தீர வேண்டும். சோப்பு, பாத்திரம் கழுவும் பார், டிஷ்யூ, குப்பைப் பை வகையறா ஆறு மாதத்துக்கு வாங்கினாலும் கெடாது. பிளீச்சிங் பவுடர் மட்டும் விதிவிலக்கு. வைத்திருந்தால் வீரியம் போய், தரையில் சும்மா வெள்ளைக் கோடு போடத்தான் ஆகும்.

அட்டை யாருக்குக் கிடைக்கும்

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் சிக்கலே இல்லை. சான்றிதழ், பான், ஆதார், ஒரு போட்டோ கொண்டுபோனால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஜிஎஸ்டி இல்லாத சின்னக் கடை, மெஸ், பேக்கரி என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவோ மாநகராட்சி, பேரூராட்சி கொடுத்த தொழில் உரிமமோ கேட்பார்கள். நம் கொங்குப் பக்கம் இது பெரிய தடையே இல்லை. சோமனூரில் தறி, திருப்பூரில் ஜாப் ஒர்க், கணபதியில் லேத் பட்டறை என்று சொந்தத்தில் யாராவது ஒருவர் கையில் ஒரு உரிமம் இருக்கும்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. "மச்சான் நம்பரைக் கொடுத்து வாங்கிக்கலாம்" என்று கிளம்பாதீர்கள். அந்த எண்ணில் போடும் ஒவ்வொரு பில்லும் மச்சானின் ஜிஎஸ்டி கணக்கில் தானாக ஏறும். வீட்டுக்கு வாங்கிய ஷாம்புக்கும் பாதாமுக்கும் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. அவருடைய ஆடிட்டர் கவனிக்காமல் கழித்துவிட்டால் பின்னால் நோட்டீஸ் வருவது மச்சானுக்கு. ஒரு டப்பா பாதாமுக்காகச் சொந்தத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? உங்கள் சொந்தத் தொழில் எண்ணிலேயே வாங்கினாலும், வீட்டுச் சாமானுக்குத் தனி பில் போடச் சொல்லி ஆடிட்டரிடம் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழி உண்டு. வெளிநாட்டு முதலீடு உள்ள மொத்தக் கடைகளுக்கான மத்திய அரசு விதியில், சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு பெற்ற அமைப்புகள் சொந்த உபயோகத்துக்கு வாங்கலாம் என்று இருக்கிறது. கோவையில் அபார்ட்மென்ட் சங்கங்கள் பல, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. படிக்கட்டு கழுவ வாங்கும் பினாயிலும் துடைப்பமும் காவலாளி அறைக்கு டீத்தூளும் அந்தச் சங்கத்தின் பெயரிலேயே வாங்க முடியுமா என்று உங்கள் செயலாளரை விசாரிக்கச் சொல்லுங்கள்.

எந்தச் சான்றும் இல்லாதவர்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை. கையில் ஏற்கெனவே ஒரு அட்டை இருக்கிறது, ரேஷன் கார்டு. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எந்தக் கிளப்பும் இந்த விலைக்குக் கிட்டத்தில் வராது. "ரேஷன் பருப்பு வேகாது" என்று வாங்காமல் விடுகிறவர்கள் அரை மணி நேரம் ஊறவைத்துப் பார்க்கட்டும். அப்புறம் கூட்டுறவு. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இலேயே நுகர்வோர்கள் பங்கு போட்டுக் கடை வைத்தார்கள். நம் பக்கம் சிந்தாமணி கூட்டுறவுக் கடை இருக்கிறது. அட்டை முறை எல்லாம் வரும் முன்பே நம்மவர்கள் கண்ட வழி அது.

உள்ளே போனதும்

பை, அட்டைப்பெட்டி, கட்டக் கயிறு எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். சின்னக் குழந்தைகளைச் சில இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். மூட்டை தூக்கும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் இடம் என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது.

விலைச் சீட்டைப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். வியாபாரிகளுக்கான கடை என்பதால் பெரிய எழுத்தில் இருப்பது வரி சேர்க்காத விலையாக இருக்கலாம். கீழே பொடி எழுத்தில் வரியோடு சேர்ந்தது இருக்கும். துணி சோப்புத் தூளுக்கு 18 சதவீதம் வரி. சீட்டில் 100 ரூபாய் என்று பார்த்துத் தள்ளுவண்டியில் வைத்தால் பில்லில் 118. அதே பாக்கெட்டை உங்கள் தெரு அண்ணாச்சி 115-க்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்புக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதமாகக் குறைந்துவிட்டதால் அவற்றில் இந்த இடைவெளி சின்னது.

அடுத்தது படிநிலை விலை. ஒன்று எடுத்தால் ஒரு விலை, மூன்று எடுத்தால் ஒரு விலை, முழு கேஸ், அதாவது பெட்டியோடு எடுத்தால் இன்னொன்று. கேஸ் விலைதான் கண்ணை இழுக்கும். கதவில் ஒட்டிய தாளைப் போட்டோ எடுத்து வைத்திருப்பீர்கள் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்பதும் பொய். இப்போது பாக்கெட்டிலேயே ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்று அச்சிடுகிறார்கள். அதை மட்டும் பாருங்கள். ஷாம்பு பாட்டிலையும் சாஷேவையும் மில்லி கணக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள், பல தடவை சரம் சரமாகத் தொங்கும் சாஷேதான் ஜெயிக்கும். எங்கள் வீட்டில் பையன்கள் பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டுவதும் இதனால் நின்றது.

அரிசியில் வேறொரு விஷயம். 25 கிலோ வரையான பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் வரி, அதற்கு மேல் எடையிருந்தால் இல்லை. அதனால்தான் சிப்பம், அதாவது அரிசி மூட்டை, திடீரென்று 26 கிலோ ஆனது. இரண்டு கடை விலையை ஒப்பிடும்போது ஒன்று 25, இன்னொன்று 26 என்று இருக்கும். கிலோவுக்கு வகுத்துப் பார்க்காமல் சிப்பத்துக்குச் சிப்பம் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

பெட்ரோலையும் சேருங்கள். பைபாஸ் ரோட்டில் இருக்கும் கடைக்குப் போக வர 40 கிலோமீட்டர் என்றால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு ஏறக்குறைய 270 ரூபாய். மொத்தத்தில் 5 சதவீதம் மிச்சம் என்று வைத்தால், 5,400 ரூபாய்க்கு வாங்கிய பிறகுதான் நீங்கள் சமநிலைக்கே வருகிறீர்கள். நான் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் போகிறேன், அதுவும் அந்தப் பக்கம் வேறு வேலை இருக்கும் நாளில்.

எண்ணெய் டின் கதை

மொத்தமாக வாங்குவதில் நிஜமான மிச்சம் பங்கு போடுவதில்தான் இருக்கிறது. ஐந்து வீடு சேர்ந்தால் கேஸ் விலையும் கிடைக்கும், வீட்டில் சாமானும் தேங்காது. தீபாவளிச் சீட்டு நடத்தத் தெரிந்த ஊருக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நான் முதல் தடவை செய்தபோது நடந்ததைக் கேளுங்கள்.

கடலை எண்ணெய் டின் ஒன்று எடுத்து வந்தேன். ஐந்து வீட்டுக்கும் ஆளுக்கு மூன்று கிலோ, மொத்தம் பதினைந்து கிலோ என்று கணக்கு. ஆசாரத்தில் (வீட்டு முன்கூடத்தில்) பழைய பேப்பரை விரித்து, பக்கத்து வீட்டு அக்கா தன் மின்தராசைக் கொண்டுவந்து வைத்தார். டின்னின் மூலையில் ஆணியால் இரண்டு ஓட்டை, ஒன்று எண்ணெய் வர, இன்னொன்று காற்றுப் போக. முதல் நாலு தூக்குப்போசியும் மூன்று மூன்று கிலோ கச்சிதமாக நிறைந்தது. ஐந்தாவது என்னுடையது. டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சொட்டச் சொட்டப் பிடித்தும் தராசு 1.65 கிலோவில் நின்றுவிட்டது.

"ஏனுங் கண்ணு, டின்னு ஓட்டையா?" என்றார் அக்கா. இல்லை. டின்னில் "15" என்றுதான் பார்த்தேன், அதன் பக்கத்தில் இருந்த "லிட்டர்" என்பதைப் பார்க்கவில்லை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் நிற்கும். 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோ. 15 கிலோ டின் என்றால் பதினாறரை லிட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையில் வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும். செக்கில் வாங்கினாலும் இதையே முதலில் கேளுங்கள்: "கிலோ விலைங்களா, லிட்டர் விலைங்களா?"

அன்று முதல் எங்கள் கூட்டில் சில பழக்கங்கள் வந்தன. பணம் முதலில், சாமான் பிறகு. ஒருவர் பெயரில் ஒரே பில், அதைப் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். போய் வந்தவருக்குப் பெட்ரோல் காசைப் பொதுவில் கழித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒரு ரூபாய் லாபம் வைக்கக் கூடாது. லாபம் வைத்து விற்க ஆரம்பித்தால் அது கடை, உணவுப் பொருள் விற்கத் தனிப் பதிவு வேண்டும். இன்னொன்று: பங்கு போடும்போது ஐந்து பேரும் நேரில் இருக்க வேண்டும். இல்லாதவர் பங்குதான் எப்போதும் குறைச்சலாகத் தெரியும்.

அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டிய இடங்கள்

கொங்கு நாட்டில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பைபாஸ் ரோட்டுக் கடையில் வாங்குவது, ஆற்றங்கரையில் இருந்துகொண்டு கேன் தண்ணீர் வாங்குவது மாதிரி.

தேங்காய் எண்ணெய்க்குக் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். கொப்பரை காயும் களங்களும் ஆட்டும் மில்களும் அங்கேயே. 2025-இல் கொப்பரை விலை எகிறியபோது எண்ணெயும் கூடவே எகிறியது, அதற்கு மில்லும் தப்பவில்லை. ஆனால் போக்குவரத்தும் இடைத்தரகும் விளம்பரமும் அந்த விலையில் இல்லை. காங்கேயத்தில் அரிசி மில்களும் நிறைய. நேரில் போனால் ஒரு படி வாங்கிப் பொங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் சிப்பம் எடுக்கலாம். நாட்டுச்சர்க்கரைக்குக் கவுந்தப்பாடி. பழனி பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் அங்கேதான் ஏலத்தில் எடுக்கிறது, நமக்கு அந்த அளவு வேண்டாம், ஊர்க் கடைகளிலேயே ஐந்து கிலோ, பத்து கிலோ கிடைக்கும். மஞ்சளுக்கு ஈரோடு. விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொண்டால் கலப்படக் கவலையும் இல்லை.

முட்டைக்கு அட்டை வேண்டும், முப்பது முட்டை வைக்கிற அந்த அட்டை. நாமக்கல் பண்ணை விலை தினமும் செய்தித்தாளில் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வாங்கினால் கடைக்காரர் எவ்வளவு ஏற்றி விற்கிறார் என்று தெரியும். ஒற்றையாக ஆறு, எட்டு என்று வாங்குவதைவிட அட்டையாக வாங்குவது எப்போதும் இலாபம், இரண்டு வாரத்தில் தீர்க்கிற வீடாக இருந்தால்.

போர்வைக்குச் சென்னிமலை, ஜமக்காளத்துக்குப் பவானி. நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் தீபாவளித் தள்ளுபடி வரும்வரை பொறுத்துக்கொண்டால் போதும். மளிகையில் மிளகாய், மல்லி, மிளகு வகையறாவுக்குக் கோவைக்காரர்களுக்கு ரங்கே கவுடர் வீதி, சேலத்துக்காரர்களுக்குச் செவ்வாய்ப்பேட்டை. அங்கே அட்டையும் கிடையாது, சான்றும் கிடையாது. காலையில் சீக்கிரம் போக வேண்டும், சில்லறை கேட்டால் முகம் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஆக எனக்கு அட்டைக் கடையில் மிஞ்சுவது சோப்பு, பேஸ்ட், கழிப்பறை திரவம், குப்பைப் பை, டீத்தூள், பையன்களுக்கு பிஸ்கட், பொங்கலுக்கு முந்திரி. இந்தச் சின்னப் பட்டியலில்தான் அட்டை தன் கூலியைச் சம்பாதிக்கிறது. பிஸ்கட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை: கேஸாக வாங்கினால் இரண்டு மடங்கு வேகத்தில் தீரும். இதில் மிச்சம் என்பதே இல்லை, நான் ஒளித்து வைக்கும் இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.

வந்த சாமானை வைப்பது

எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், வருஷத்துக்கே வாங்கிப் போடுகிறவர். மாசி, பங்குனியில் புதுப் புளி வந்ததும் கொட்டை எடுத்து, வெயில் காட்டி, கல்லுப்பு தூவி மொடாவில் அமுக்கி வைத்தால் அடுத்த மாசி வரை கவலையில்லை. மிளகாயும் மல்லியும் அந்தப் பருவத்தில்தான் புதுசாக வரும். துவரையை முழுசாகச் செம்மண் கட்டிக் காயவைத்து, வேண்டும்போது உடைத்துக்கொள்வார். செம்மண் பூச்சு இருந்தால் வண்டு அவ்வளவு சீக்கிரம் விழாது என்று அவருக்குத் தெரியும். நாம் வாங்குவது உடைத்துப் பளபளவென்று தேய்த்த பருப்பு. அதை ஒரு வருடத்துக்கு வைக்க முடியாது.

பருப்பு மூட்டை வந்த அன்றே ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் பரப்பிப் பாருங்கள். நூல் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் அந்துப்பூச்சி இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்லதாக இருந்தால் வெயிலில் அரை நாள் காட்டி, சூடு ஆறியபின் டப்பாவில் போட்டு நாலு வரமிளகாயோ ஒரு துண்டு வசம்போ வையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஆடி மாதத்தில் மட்டும் மொட்டைமாடியில் காயப்போடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உளுந்து பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருக்கும்.

எண்ணெய்க்கு வெளிச்சமும் காற்றும் ஆகாது. டின்னைத் திறந்ததும் சின்னச் சின்ன எவர்சில்வர் பாத்திரங்களில் கழுத்துவரை நிரப்பி மூடி, ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். பாதி காலியான பெரிய பாத்திரத்தில்தான் சிக்கு வாடை சீக்கிரம் வரும். புது எண்ணெயைப் பழைய எண்ணெய்மேல் ஊற்றவே கூடாது.

காலி டின்னைப் பழைய இரும்புக்காரரிடம் உடனே போட்டுவிடாதீர்கள். மேல் தகட்டை வெட்டி எடுத்து, ஓரத்தைச் சுத்தியலால் மடக்கி, சீயக்காய் போட்டு இரண்டு தடவை கழுவிக் காயவைத்தால் தீபாவளி முறுக்குக்கு ஆகும். எங்கள் வீட்டில் மூன்று நிற்கிறது. ஒன்றில் முறுக்கு, ஒன்றில் கச்சாயம், மூன்றாவதில் பையன்கள் இன்னும் கண்டுபிடிக்காத பிஸ்கட்.